வீட்டு மல்டிமீட்டர் குழப்பினால்: அறிகுறியை வைத்துப் பழுது பிடிக்கும் வழி

போன கோடையில் ஒரு மதியம், ஹால் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்தேன். 268 வோல்ட் காட்டியது. 230 இருக்க வேண்டிய இடம். பயந்துபோய் ஃப்ரிட்ஜையும் டிவியையும் ஆஃப் செய்துவிட்டு, ஸ்டெபிலைசர் விலை விசாரிக்கக் கிளம்பினேன். படியில் பார்த்த மாடி வீட்டு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னதும், "இருங்க, என் மீட்டரையும் வச்சுப் பாத்துடுவோம்" என்று எடுத்து வந்தார். அதே பிளக், அதே நேரம், அவர் மீட்டரில் 231. என் மீட்டரின் பின்மூடியைக் கழற்றி ஒன்பது வோல்ட் பேட்டரியை மாற்றினேன். அதுவும் 232 காட்டியது. வீட்டு லைனில் ஒரு குறையும் இல்லை.

அன்று முதல் ஒரு பழக்கம் வந்துவிட்டது. மீட்டரில் விசித்திரமான எண் வந்தால், அது வீட்டின் கோளாறா, மீட்டரின் கோளாறா என்பதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்கிறேன். அடியோடு செத்துப்போன மீட்டரால் யாருக்கும் ஆபத்தில்லை, தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம். கரண்ட் ஓடும் ஒயரில் வைத்தும் பூஜ்யம் காட்டுகிற மீட்டர்தான் ஆளைக் கொல்லும்.

நம் வீடுகளில் அதிகம் இருப்பது டிடி 830டி வகை. மஞ்சள் அல்லது கறுப்பு உடம்பு, நடுவில் டயல், கீழே மூன்று துளைகள், சுமார் 200 ரூபாய். கீழே சொல்பவை பெரும்பாலும் அதை வைத்துத்தான். தானாக ரேஞ்ச் எடுக்கும் மீட்டருக்கு எங்கே வித்தியாசம் உண்டோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

எதற்கும் முன்னால் மூன்று தொடுதல். கரண்ட் நிச்சயமாக இருக்கிற ஒரு பிளக்கில் வைத்து 230 அளவில் காட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறம் வேலை பார்க்கப்போகும் இடத்தில் வையுங்கள். பூஜ்யம் காட்டினால் உடனே ஒயரில் கை வைக்காமல், மறுபடி அந்த முதல் பிளக்குக்கே போய் இன்னமும் 230 காட்டுகிறதா என்று பாருங்கள். இடையில் ப்ரோப் ஒயர் (மீட்டரில் செருகி, அளக்கும் இடத்தில் தொடும் சிவப்பு, கறுப்பு ஒயர்) அறுந்திருந்தால் இந்த மூன்றாவது தொடுதலில்தான் தெரியும். அரை நிமிட வேலை. நான் ஒருமுறைகூட விடுவதில்லை.

டிஸ்பிளேயில் ஒன்றுமே வரவில்லை

பெரும்பாலும் பேட்டரிதான். பேட்டரி புதிது என்றால் அதன் தலையில் மாட்டும் கிளிப்பைப் பாருங்கள். அதன் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் மெல்லியவை, நாலைந்து முறை மூடியைத் திறந்து மூடினாலே பற்றவைத்த இடத்தில் விட்டுவிடும். பேட்டரி உள்ளே கசிந்திருந்தால் கிளிப்பில் பச்சையாகப் பூத்திருக்கும், பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிடலாம். 830 வகையில் தானாக ஆஃப் ஆகும் வசதி கிடையாது. டயலை ஆஃபுக்குத் திருப்ப மறந்தால் பேட்டரி தீர்ந்துபோகும். மாறாக, ஆட்டோ ரேஞ்ச் மீட்டர் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்தால் அது பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இடது ஓரத்தில் 1 மட்டும் நிற்கிறது

புதிதாக வாங்கியவர்கள் அதிகம் கேட்பது இது. அந்த 1 ஓர் அளவல்ல. "நீங்கள் வைத்த ரேஞ்சுக்குள் இது அடங்கவில்லை" என்று மீட்டர் சொல்லும் விதம் அது. விலை கூடிய மீட்டர்களில் இதே இடத்தில் ஓஎல் என்று வரும். தடையை அளக்கும் ஓம் பக்கம் டயலை வைத்து, ப்ரோப் இரண்டும் எதையும் தொடாமல் இருந்தால் 1 வருவதுதான் சரி. தொடாத இரு முனைகளுக்கு நடுவே தடை எல்லையற்றது அல்லவா.

நம் வீட்டு லைனில் இது வரும் இடம் ஒன்று உண்டு. இந்த மீட்டர்களில் ஏசி வோல்டேஜுக்கு இரண்டே ரேஞ்ச்: 200, அப்புறம் 750 அல்லது 600. நம் ஊர் சப்ளை 230 வோல்ட். 200-ல் வைத்தால் 1 தான் வரும். பெரியதற்கு மாற்றுங்கள்.

ப்ரோப் முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்த பிறகும் ஓம் ரேஞ்சில் 1 போகவில்லை என்றால், அங்கே மெய்யாகவே பழுது. ப்ரோப் ஒயர், ஃப்யூஸ், டயல் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். மூன்றும் கீழே வருகின்றன.

கரண்ட் இருக்கும் பிளக்கில் வைத்தும் பூஜ்யம்

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

முதல் காரணம் டயல். வோல்ட் பக்கம் இரண்டு கூட்டங்கள் இருக்கும். நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டுப் போகும் கோடும் போட்டிருந்தால் டிசி, பாம்புபோல் நெளிந்த கோடு போட்டிருந்தால் ஏசி. பேட்டரி, அடாப்டர், சோலார் பேனல் எல்லாம் டிசி. சுவரில் வருவது ஏசி. டிசி 1000-ல் டயலை வைத்துப் பிளக்கில் குத்தினால், 230 வோல்ட் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் 000 காட்டும், அல்லது 1, 2 என்று சும்மா ஆடும். மீட்டரில் பழுதில்லை. ஏசி நொடிக்கு 50 முறை மேலும் கீழும் போகிறது, டிசி ரேஞ்ச் சராசரியைப் பார்க்கிறது, சராசரி பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை நம்பி ஒயரைப் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதன் தலைகீழ் ஆபத்தில்லாதது, ஆனால் நல்ல பொருளைக் குப்பைக்கு அனுப்பும். 12 வோல்ட் டிசி அடாப்டரை ஏசி ரேஞ்சில் அளந்தால் 25-ஐ ஒட்டி ஓர் எண் வரும், ப்ரோபை மாற்றிப் பிடித்தால் பூஜ்யம். மலிவு மீட்டர்களில் ஏசியை அளக்க ஒரே ஒரு டயோடுதான் இருக்கிறது, அது பாதி அலையை மட்டும் விட்டு மீதியைக் கணக்கில் கூட்டிக்கொள்கிறது. டிசி கொடுத்தால் அந்தக் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். செட்டாப் பாக்ஸ் அடாப்டர் "26 வோல்ட் அடிக்கிறது" என்று யாராவது தூக்கிப்போடப் போனால், டயலை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் துளை. கறுப்பு ப்ரோப் எப்போதும் காம் துளையில். சிவப்பு, வோல்ட்-ஓம்-மில்லிஆம்ப் என்று எழுதிய நடுத்துளையில். 10 ஆம்பியர் துளையில் சிவப்பு இருந்தால் அது பூஜ்யத்தோடு நிற்காது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, ப்ரோப் முனை உள்ளே இருக்கும் பித்தளையைத் தொடவில்லை. இப்போது வரும் பிளக் சாக்கெட்டுகளில் குழந்தைகள் விரல் விடாமல் இருக்க ஷட்டர் இருக்கும். எர்த் துளையில் எதுவும் இல்லாமல் கீழ்த்துளை இரண்டும் திறக்காது. ப்ரோபை ஷட்டர் மேலேயே அழுத்திவிட்டு "கரண்ட் இல்லை" என்று சொல்லிவிடுவோம். ஒரு த்ரீ பின் ஒயரையோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸையோ செருகி, அதன் முனையில் அளப்பது நல்லது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பூஜ்யம் என்றால் ப்ரோப் ஒயரைச் சந்தேகியுங்கள்.

எண் நிலைக்காமல் துள்ளுகிறது, வந்து வந்து போகிறது

என் அனுபவத்தில் மீட்டர் பழுது என்று வருவதில் பாதி, ப்ரோப் ஒயரின் பழுது. மீட்டரோடு வரும் ஒயருக்குள் செம்பு இழைகள் மிகக் குறைவு, மேலே பிளாஸ்டிக் தடிமன். சுருட்டிச் சுருட்டி வைப்பதில் உள்ளே அறுந்துபோகும். வெளியே பார்த்தால் புதிதுபோலவே இருக்கும்.

கண்டுபிடிக்கும் விதம் இது. டயலை 200 ஓமில் வையுங்கள். இரண்டு ப்ரோப் முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். நல்ல ஒயர் என்றால் 0.3 முதல் 0.6 வரை ஏதோ ஓர் எண்ணில் நிற்கும். இப்போது இன்னொருவரை ஒயரை மெதுவாக வளைக்கச் சொல்லுங்கள். முதலில் கைப்பிடிக்குள் ஒயர் நுழையும் கழுத்து, அப்புறம் மீட்டரில் செருகும் முனையின் கழுத்து, கடைசியாக நடு ஒயர். கழுத்தை ஒரு பக்கம் வளைக்கும்போது 0.5, மறுபக்கம் வளைக்கும்போது 14, இன்னும் கொஞ்சம் வளைத்தால் 1 என்று ஓடினால் அறுந்த இடம் உங்கள் விரலுக்கு அடியிலேயே இருக்கிறது. கழுத்தில் அறுந்திருந்தால் கைப்பிடியைத் திருகிக் கழற்றி, இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி பற்றவைக்கலாம். ஆனாலும் புது ப்ரோப் வாங்குவதைத்தான் நான் சொல்வேன். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு சிலிகான் ஒயர் போட்ட ப்ரோப் கிடைக்கிறது. அது நூல்போல வளையும், சூட்டில் இளகாது. மீட்டரின் துளையும் ப்ரோபின் செருகுமுனையும் ஒரே ஆழமா என்று பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

ப்ரோப் எதையும் தொடாமல் இருக்கும்போது 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் எண் தானாக ஆடுவது பழுதல்ல. காற்றில் இருக்கும் மின்புலத்தையே அது பிடிக்கிறது. டிசியில் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தாலும் பழுதல்ல, சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

டயலைத் தொட்டாலே எண் மாறினால் உள்ளே செம்புத் தடங்கள் அழுக்கேறியிருக்கின்றன. முதலில் மீட்டரை ஆஃப் செய்து, ப்ரோபைப் பிடுங்கிவிட்டு, டயலை இருபது முப்பது முறை முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பாதி நேரம் இதிலேயே சரியாகும். சரியாகாவிட்டால் திறந்து, ஐசோப்ரோபில் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் தடங்களைத் துடைக்க வேண்டும். எண்ணெய் வேண்டாம், தூசி இன்னும் ஒட்டும். திறக்கும்போது கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். 830 வகையில் டயலின் இரு பக்கமும் கடுகு அளவில் ஓர் எஃகுக் குண்டும் அதன் அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் இருக்கும். டயலைத் தூக்கிய நொடியில் அவை துள்ளி ஓடிவிடும். குண்டு போனால் டயல் எந்த ரேஞ்சிலும் டக்கென்று நிற்காது. எழுத்தில் சில கோடுகள் மட்டும் வராமல், 8 என்பது 6 போல் தெரிந்தால், டிஸ்பிளேக்கும் போர்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பட்டையைத் துடைத்துவிட்டுத் திருகுகளைச் சமமாக இறுக்குங்கள்.

அளவு கூடுதலாகக் காட்டுகிறது

எனக்கு அந்த 268 வந்த கதைதான். இந்த மீட்டர்களின் மூளை 7106 வகைச் சிப், பின்னால் கறுப்புப் பொட்டாக ஒட்டியிருக்கும். தன்னிடம் இருக்கும் நிலையான ஒரு வோல்டேஜோடு ஒப்பிட்டுத்தான் அது வெளி வோல்டேஜைச் சொல்லும். பேட்டரி 7 வோல்ட் அளவுக்கு இறங்கும்போது அந்த நிலையான வோல்டேஜும் இறங்க ஆரம்பிக்கும். படி சிறுத்தால் அளக்கிற நெல் அதிகப் படி வருவதுபோல, வெளி வோல்டேஜ் கூடுதலாகத் தெரியும். எல்லா வோல்ட் ரேஞ்சிலும் ஒரே விகிதத்தில் கூடும். அதனால் பார்வைக்கு ஒன்றும் தப்பாகத் தெரியாது. சில மாடலில் டிஸ்பிளேயில் பேட்டரிப் படம் வரும், சிலவற்றில் அதுவும் கிடையாது.

இதற்கு என் பெட்டிக்குள் இரண்டு சாமான் வைத்திருக்கிறேன். பிரிக்காத ஆல்கலைன் பென்சில் செல் ஒன்று, 1 சதவீத 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. புதுச் செல் 1.6-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும், ரெசிஸ்டர் 2000 ஓம் ரேஞ்சில் 990-க்கும் 1010-க்கும் நடுவே. மலிவு மீட்டருக்கு இன்னும் பத்து இருபது விட்டுக்கொடுக்கலாம். செல் 1.9 காட்டினால் மீட்டரின் பேட்டரியை மாற்ற வேண்டிய நேரம். செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டும் நல்ல அளவுகோல், 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே இருக்கும்.

இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் 230-க்குச் சம்பந்தமில்லாத எண் வந்தால் அது வேறு கதை. சாதாரண மீட்டர் எல்லா அலையையும் சைன் அலை என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் அந்தக் கணக்கு பொருந்தாது, கூடவோ குறையவோ காட்டும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டருக்குப் பின்னால் அளந்தாலும் அப்படித்தான். ட்ரூ ஆர்எம்எஸ் என்று எழுதியிருக்கும் மீட்டர்தான் அங்கே சரியாகச் சொல்லும்.

சுவிட்சை ஆஃப் செய்த ஒயரில் 60, 90 வோல்ட்

பயப்படுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். ஒரே பைப்பில் பக்கத்தில் ஓடும் ஃபேஸ் ஒயரிலிருந்து, தொடர்பே இல்லாத ஒயருக்கும் கொஞ்சம் மின்னழுத்தம் ஏறும். அதற்குப் பின்னால் பலம் கிடையாது, ஆனால் மீட்டர் பிடித்துவிடும். எல்இடி பல்பு ஆஃப் செய்த பிறகும் மங்கலாக எரிவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால், நல்ல மீட்டரில்தான் இது அதிகம் தெரியும். 830-க்குள் தடை 1 மெகா ஓம், ஆட்டோ ரேஞ்ச் மீட்டரில் 10 மெகா ஓம். பின்னது கிட்டத்தட்ட கரண்ட்டே எடுக்காது, அதனால் இந்தப் பொய் வோல்டேஜ் இறங்காமல் நிற்கும். புது மீட்டர் கெட்டது என்று கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

பொய்யா மெய்யா என்று பார்க்க, பழைய ஜீரோ வாட்ஸ் இழை பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அந்த ஒயருக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இணைத்துவிட்டு அளங்கள். பெயர்தான் ஜீரோ, அது 15 வாட்ஸ் அளவுக்கு எடுக்கும். பொய் வோல்டேஜ் என்றால் உடனே பூஜ்யத்துக்கு விழும். விழாவிட்டால் மெய்யான கசிவு, அல்லது யாரோ சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மட்டும் எப்போதும் இணைக்க வேண்டாம். ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) இருந்தால் விழும். இல்லாமல், எர்த்தும் விட்டுப்போயிருந்தால், வீட்டில் எர்த் ஒயர் போன உலோகச் சாமான் எல்லாவற்றிலும் கரண்ட் ஏறும்.

டெஸ்டர் இரண்டு துளையிலும் எரிகிறது, மீட்டரில் பூஜ்யம்

இங்கே மீட்டர் சொல்வது உண்மை, டெஸ்டர் சொல்வதும் உண்மை. எங்கோ நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. சுவிட்ச் போட்டிருக்கும் ஏதோ ஒரு சாமான் வழியாக ஃபேஸ் சுற்றிக்கொண்டு நியூட்ரல் துளைக்கு வந்து நிற்கிறது. இரண்டிலும் ஒரே அழுத்தம், அதனால் நடுவே பூஜ்யம். இரண்டு துளையிலும் ஷாக் அடிக்கும். "மீட்டர் பூஜ்யம், கரண்ட் இல்லை" என்று எண்ணி இறங்கிவிடக் கூடாது.

அதனால்தான் பிளக்கை ஒரே அளவோடு விடக் கூடாது. மூன்று அளவு எடுங்கள். நேராகப் பார்க்கும்போது மேலே பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். இரண்டாவது அளவு 230-க்கு வராமல் 70, 110 என்று தடுமாறினால் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது எர்த் குழி காய்ந்திருக்கிறது. மூன்றாவது அளவில் 230 வந்தால் வலதும் இடதும் மாறி இணைக்கப்பட்டிருக்கின்றன. சும்மா இருக்கும்போது 230 காட்டி, அயர்ன் பாக்ஸ் போட்டதும் 180-க்கு இறங்கினால் எங்கோ லூஸ் கான்டாக்ட், அந்த இடம் சூடாகிக்கொண்டிருக்கும். பிளக்கில் 300-க்கு மேல் வந்து, மீட்டரும் சரி என்று உறுதியானால், யோசிக்காமல் மெயினை இறக்கிவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள். தெருவில் நியூட்ரல் அறுந்தால் இப்படித்தான் வரும்.

பீப் அடித்தது, ஆனால் ஷார்ட் இல்லை

ஒரு வீட்டில் மீட்டரை பீப் ரேஞ்சில் (இணைப்பு இருந்தால் கத்தும் இடம்) போட்டு, கீசரின் ஹீட்டர் முனைகள் இரண்டிலும் வைத்துப் பார்த்தார்கள், பீப் அடித்தது, "ஷார்ட் ஆகிவிட்டது" என்று நல்ல எலிமென்ட்டைக் கழற்றிவிட்டார்கள். பீப் என்பது பூஜ்ய ஓம் என்று அர்த்தமல்ல. 30, 50 ஓமுக்குக் கீழே எது இருந்தாலும் பெரும்பாலான மீட்டர்கள் கத்தும். 2000 வாட்ஸ் கீசர் எலிமென்ட்டின் தடையே 26 ஓம்தான்.

கணக்கு சுலபம். 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. அதைச் சாமானின் வாட்ஸால் வகுங்கள். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் 53 ஓம், 750 வாட்ஸ் என்றால் 70 சொச்சம். ப்ரோபின் சொந்தத் தடை 0.5-ஐக் கழித்துப் பாருங்கள். இந்த எண்ணை ஒட்டி வந்தால் எலிமென்ட் நலம். 1 வந்தால் எலிமென்ட்டோ தெர்மோஸ்டாட்டோ ஒயரோ விட்டிருக்கிறது, ஒவ்வொன்றாகத் தனியே அளக்கலாம். எலிமென்ட் முனைக்கும் அதன் உலோக உடம்புக்கும் நடுவே 2000 கிலோ ஓம் ரேஞ்சில் 1 தான் வர வேண்டும். அங்கே ஏதாவது எண் வந்தால் ஷாக் அடிக்கும் கீசர் அது, அன்றே நிறுத்துங்கள்.

ஓம் அளக்கும்போது சாமான் பிளக்கிலிருந்து கழற்றியிருக்க வேண்டும். ஓம் ரேஞ்சில் வைத்து 230 வோல்ட்டைத் தொட்ட மீட்டர் அநேகமாக மறுபடி சரியாகாது. பெரிய தடையை அளக்கும்போது இரண்டு முனைகளையும் விரலால் பிடிக்காதீர்கள், உடம்பின் தடையும் சேர்ந்து எண் குறையும். போர்டில் பற்றவைத்திருக்கும் ரெசிஸ்டர் எழுதியதைவிடக் குறைவாகக் காட்டினால், பக்கத்துப் பாதைகளும் சேர்ந்து வருகின்றன. ஒரு காலைக் கழற்றி அளங்கள்.

கரண்ட் அளக்கப் போனதும் பொறி பறந்தது, அல்லது மில்லிஆம்ப் மட்டும் வேலை செய்யவில்லை

ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் ஏவிஓ மீட்டர் 1923-ல் வந்தது. டொனால்ட் மக்காடி என்ற பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளரின் யோசனை அது. இன்றைய மல்டிமீட்டருக்கு அதுதான் தாத்தா. ஆனால் வீட்டில் நமக்கு வேண்டியது வோல்ட்டும் ஓமும்தான். ஆம்பியர் துளையை நான் மூடி ஒட்டியே வைத்திருக்கிறேன்.

காரணம் உண்டு. ஆம்பியர் அளக்கும்போது மீட்டர் வெறும் ஒயர் மாதிரி. 10 ஆம்பியர் துளைக்குள் இருப்பது தடித்த ஒரு கம்பி வளைவு, 830-ல் அதற்கு ஃப்யூஸே கிடையாது. துளைக்குப் பக்கத்திலேயே அப்படி அச்சடித்திருப்பார்கள். சிவப்பு ப்ரோப் அதில் இருப்பதை மறந்து பிளக்கில் குத்தினால் ஃபேஸையும் நியூட்ரலையும் கம்பியால் சேர்த்த மாதிரி. எங்கள் தெருவில் ஒரு தம்பி பைக் பேட்டரியின் கரண்ட்டை அளந்துவிட்டு, அப்படியே பிளக்குக்குப் போனான். பட்டென்று சத்தம், ப்ரோப் முனை இரண்டும் உருகி உருண்டையாகிவிட்டன, எம்சிபி விழுந்ததால் கையில் சின்னத் தீக்காயத்தோடு போயிற்று. ஆம்பியர் அளந்து முடித்த கையோடு சிவப்பை நடுத்துளைக்கு மாற்றிவிடுங்கள். வீட்டுச் சாமான் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள், ஒயரைச் சுற்றிக் கவ்வினால் போதும், எதையும் அறுக்க வேண்டாம்.

மில்லிஆம்ப் வேலை செய்யாவிட்டால் ஃப்யூஸ் போயிருக்கும். அதோடு சேர்ந்து வேறு எது நிற்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சோதிக்க, அந்தப் பென்சில் செல்லோடு 1000 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து 20 மில்லிஆம்ப் ரேஞ்சில் அளங்கள், 1.5-ஐ ஒட்டி வர வேண்டும். மூடிக்குள் எழுதியிருக்கும் அதே அளவு ஃப்யூஸையே போடுங்கள். மெயின் போர்டில் கிட்கேட் ஃப்யூஸுக்கு ஒயர் இழை சுற்றும் கை, இங்கேயும் அதைத்தான் சுற்றத் தேடும். தயவுசெய்து வேண்டாம், அந்தக் கண்ணாடிக் குழாய் உங்கள் கைக்கும் வெடிப்புக்கும் நடுவில் இருப்பது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் எதை வாங்குவது

பேட்டரி, அடாப்டர், ரிமோட் செல், பைக் ஒயரிங் வரைக்கும் 200 ரூபாய் 830 போதும், குறையில்லை. பிளக்கிலும் மெயின் போர்டிலும் கை வைப்பவர் அதை நம்பக் கூடாது என்பது என் கருத்து. கூடுதலாகச் செலவழித்து ஆயிரம் ரூபாய் அடுக்குக்குப் போங்கள்.

அங்கே நான் பார்க்கும் வரிசை இது. முன்பக்கத்தில் கேட் 3, 600 வோல்ட் என்று இருக்க வேண்டும். பிளக்கில் மாட்டும் சாமான்களுக்கு கேட் 2, வீட்டு மெயின் போர்டுக்கு கேட் 3 என்பது சர்வதேச விதி. லைனில் திடீரென எகிறும் வோல்டேஜைத் தாங்குவதற்கான எண் அது. அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாமல், மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மணல் நிரப்பிய பீங்கான் ஃப்யூஸ் இருந்தால் சொன்னபடி செய்திருக்கிறார்கள் என்று நம்ப ஓர் ஆதாரம். உள்ளே குண்டூசி மாதிரிக் கண்ணாடி ஃப்யூஸ் மட்டும் இருந்தால் அந்த எழுத்துக்கு மதிப்புக் குறைவு. ஆம்பியருக்குத் தனித்துளை, அதற்கும் ஃப்யூஸ். ப்ரோப் கைப்பிடியில் விரல் வழுக்காமல் தடுக்கும் விளிம்பு.

அடுத்தது கெபாசிட்டர் அளக்கும் வசதி. நம் வீடுகளுக்கு ட்ரூ ஆர்எம்எஸ்ஸைவிட இது அதிகம் பயன்படும். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் அதன் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 1.6, 1.8 என்று இறங்கியிருக்கும். போர்வெல் மோட்டார் ஸ்டார்ட் ஆகாமல் முனகினாலும் முதலில் பார்க்க வேண்டியது கெபாசிட்டர். சப்ளையை நிறுத்தி, அதன் இரு முனைகளையும் ஒரு பல்பு வழியாகச் சேர்த்து மின்னூட்டத்தை இறக்கிவிட்டு அளக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் ட்ரூ ஆர்எம்எஸ் தேடினால் போதும். 6000 கவுண்ட் (டிஸ்பிளே 6000 வரை எண்ணுவது), தொடாமல் கரண்ட் காட்டும் வசதி இவையெல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. டிஸ்பிளேக்கு விளக்கு உண்டா என்று கேளுங்கள். மெயின் போர்டைப் பார்க்கப் போவது பெரும்பாலும் கரண்ட் போன இரவில்தான்.

சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர் எலக்ட்ரிக்கல் கடையோ, காசு கொடுப்பதற்கு முன் கவுன்டரிலேயே மூன்று காரியம் செய்யுங்கள். ப்ரோப் முனைகளைச் சேர்த்து ஓமில் 0.6-க்குள் வருகிறதா, பீப் தொட்ட உடனே அடிக்கிறதா என்று பாருங்கள். கடையின் பிளக்கில் ஏசி அளந்து, கடைக்காரர் தன் மீட்டரிலும் அளந்து காட்டட்டும், இரண்டும் ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கையோடு கொண்டுபோன செல்லை வைத்து டிசி பாருங்கள். அப்புறம் டயலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு இடத்திலும் டக் டக்கென்று நிற்கிறதா என்று விரலால் உணர்ந்துவிட்டு, ஆஃபில் வைத்துப் பெட்டியை மூடுங்கள்.